நாலே நாலு பலகாரம்

போன வருஷம் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சாமியானா போட்டு ஏழு பலகாரம் செய்து காட்டினேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்து இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். முறுக்கு, தட்டை, சீடை, அதிரசம், ரவா உருண்டை, சுசியம், பாதுஷா. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது மூன்று மணி வரை இழுத்தது. எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தீபாவளி முடிந்த பிறகு ஒவ்வொருவராக விசாரித்தேன். வீட்டுக்குப் போய் ஒன்றையாவது செய்து பார்த்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவருக்கும் ஏற்கெனவே செய்யத் தெரியும்.

எனக்கு அது பெரிய வருத்தம். அந்தக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னதே தெருவுக்குப் புதிதாக வாழ வந்த பிள்ளைகள்தான். "பெரியம்மா, கடையில வாங்கி வாங்கி அலுத்துப்போச்சு. வீட்ல லேசா செய்யுற மாதிரி ஏதாவது சொல்லிக்குடுங்க" என்று கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோமே என்று பல நாள் மனதில் கிடந்து உறுத்தியது.

திருநெல்வேலி டவுணில் என் ஆச்சி வீடு ஒரு வளவுக்குள் இருந்தது. ஒரே வாசலுக்குள் ஆறு வீடு, நடுவில் முற்றம், கடைசியில் கிணறு. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே முறை வைத்துவிடுவார்கள். இன்றைக்கு ஒரு வீட்டுப் பலகாரம், நாளைக்கு அடுத்த வீட்டுப் பலகாரம். யார் வீட்டுப் பலகாரமானாலும் மாவிடிக்க, சலிக்க, பிழிய, சுட எல்லா வீட்டுப் பெண்களும் அந்த அடுக்களையில் இருப்பார்கள். பிள்ளைகளுக்கும் சோலி உண்டு. கையில் சுளவைக் கொடுத்து எள்ளில் கல் பொறுக்கச் சொல்வார்கள், அரிப்பைக் கொடுத்து மாவு சலிக்கச் சொல்வார்கள். எனக்கு எட்டு வயசிருக்கும்போது ஆச்சி ஒரு சொட்டுப் பாகை எடுத்து என் விரலில் வைத்து, "ஏட்டி, ரெண்டு விரலையும் ஒட்டிட்டுப் பிரிச்சுப் பாரு. கம்பி வருதா?" என்று கேட்டாள். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அப்போது சிலந்தி நூல் மாதிரி ஒரு இழை வந்து அறுந்தது. மூன்றாவது சொட்டில் அறாமல் நின்றது. "இதுதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கிவிட்டாள். என் பாடம் அவ்வளவுதான். இன்றைக்கு வரைக்கும் பாகில் எனக்குத் தப்பு வந்ததில்லை.

அந்த வளவில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது யோசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வருஷம் நாற்காலி கிடையாது என்று முதலில் முடிவு செய்தேன். அப்புறம் ஆள் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம், பலகாரம் நாலுக்கு மேல் வேண்டாம், வீட்டுக்குப் போனவர்கள் மறுநாள் செய்தே ஆக வேண்டிய மாதிரி ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

எந்த நாலு என்று தேர்ந்தெடுக்கத்தான் ஒரு மாதம் ஆனது.

முதல் கேள்வி எல்லோரும் கேட்டதுதான். அல்வா இல்லாமல் திருநெல்வேலியா? எனக்கும் அல்வா உயிர். ஆனால் அது மூன்று மணி நேரக் கூட்டத்துக்கான பண்டம் இல்லை. சம்பா கோதுமையை முந்தின நாளே ஊறப்போட்டு, ஆட்டி, பால் பிழிந்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரை இறுத்து, அப்புறம்தான் அடுப்பே. பாலும் சீனியும் சேர்ந்து கெட்டியாகி, ஊற்றிய நெய்யை எல்லாம் குடித்து, கடைசியில் குடித்த நெய்யைத் திரும்பக் கக்கும் வரைக்கும் கை ஓயாமல் கிண்ட வேண்டும். அதைக் காட்டினால் பன்னிரண்டு பேரும் என் கை வலியைத்தான் பார்ப்பார்கள். கீழ ரத வீதியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் இருட்டுக்கடை திறக்கும்போது வரிசையில் நின்று கால் கிலோ வாங்கிக்கொள்ளலாம். அதைச் செய்கிறவர்கள் செய்யட்டும்.

அதிரசத்தை விட மனசே இல்லை. ஆனால் அதிரசத்தின் வேலை முழுவதும் கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி, முழுசாகக் காய்வதற்குள் ஈரத்தோடு இடித்து, பாகு சேர்த்து, அந்த மாவு குறைந்தது ஒரு நாளாவது ஊறிப் பதமாக வேண்டும். கூட்டத்தில் காட்ட மிச்சம் இருப்பது தட்டிப் போடுவது மட்டும்தான். போன வருஷம் நான் காட்டியதும் அதுதான். வீட்டில் பாகு கொஞ்சம் இளகினால் எண்ணெயில் போட்டவுடன் கரைந்து பிரிந்துபோகும், முறுகினால் கல்லாகிவிடும். முதல் முறை செய்கிறவர்களுக்கு அந்தத் தோல்வியைக் கொடுக்கக் கூடாது. மனசு விட்டுப்போனால் அடுத்த வருஷம் அடுப்புப் பக்கமே வரமாட்டார்கள்.

சீடையை விட்டதற்குக் காரணம் வேறு. அது வெடிக்கும். மாவில் ஒரு கட்டியோ, சலிக்காத உளுந்துத் துணுக்கோ இருந்தால் போதும், அல்லது உருண்டையை அழுத்தி வழவழப்பாக உருட்டினாலும் போதும், உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியே வழி கிடைக்காமல் உருண்டையைப் பிளந்துகொண்டு வரும். கொதிக்கிற எண்ணெய் ஆள் மேலே தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில், கை பழகாத பன்னிரண்டு பேர் அடுப்பைச் சுற்றி நிற்கும்போது, சீடை கூடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு அவர் சுடும் அச்சு முறுக்கு தெருவுக்கே பிரசித்தம். "அச்சு முறுக்கையும் சேத்துக்கோ, நான் வந்து செஞ்சு காட்டுதேன்" என்றார். அச்சு நன்றாகச் சூடேறவில்லை என்றால் மாவு அதில் பிடிக்காது, பிடித்தாலும் எண்ணெயில் கழன்று விழாது. புது அச்சைப் பழக்கவே ஒரு நாள் வேண்டும். டிசம்பரில் அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் அக்கா என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வெறும் துணைக்கு வந்தார். முறுக்கு அடுப்பை அவரிடம் விட்டேன்.

கடைசியில் நின்ற நாலு இவை: பொரிகடலை மாவுருண்டை, முள்ளுமுறுக்கு, கடலை மிட்டாய், முந்திரிக்கொத்து. இந்த வரிசைக்கும் காரணம் உண்டு. மாவுருண்டைக்குப் பாகும் இல்லை, எண்ணெயும் இல்லை. முறுக்குக்கு எண்ணெய் மட்டும். கடலை மிட்டாய்க்குப் பாகு மட்டும். முந்திரிக்கொத்துக்கு இரண்டும். ஒவ்வொரு படியாக ஏறி வந்தால் நாலாவது படியில் பயம் போயிருக்கும் என்று நினைத்தேன்.

மாவுருண்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் கிலோ பொரிகடலையை லேசாகச் சூடுகாட்டி அரைத்துச் சலித்து, 200 கிராம் சீனியை ஏலக்காயோடு பொடித்துக் கலந்து, 125 கிராம் நெய்யைச் சுடச்சுட ஊற்றிப் பிடிக்க வேண்டும். ஆறிய நெய்யில் உருண்டை நிற்காது, உதிரும். ஊற்றிய உடனே கரண்டியால் கிளறிவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து வயசுப் பிள்ளையும் செய்யலாம். கூட்டத்தை இதில் தொடங்கினால் முதல் பதினைந்து நிமிஷத்தில் எல்லோர் கையிலும் நாம் செய்த ஒரு பலகாரம் இருக்கும். கூச்சம் போய்விடும், பேச்சு வந்துவிடும்.

முறுக்குக்கு எங்கள் வீட்டுக் கணக்கு நாலு உழக்குப் பச்சரிசி மாவுக்கு ஒரு உழக்கு உளுந்த மாவு. உளுந்தை வாசம் வருகிற வரைக்கும் வெறும் சட்டியில் வறுக்க வேண்டும், சிவக்க விடக் கூடாது. மாவு பூப்போல இருக்க வேண்டும் என்பதற்காக அரிப்பில் இரண்டு தடவை சலிப்போம். அரைக் கிலோ மாவுக்கு 50 கிராம் வெண்ணெய், அதற்கு மேல் போனால் முறுக்கு எண்ணெயிலேயே நொறுங்கும், குறைந்தால் பல்லைப் பதம் பார்க்கும். உப்பையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது நல்லது. மொத்த மாவையும் ஒரே தடவையாகப் பிசைந்து வைத்துவிட்டால் கடைசி ஈடு சிவந்து, எண்ணெய் குடித்துப்போய்விடும். முறுக்கு பிழிகிற நாழியில் இரண்டு தடவைக்கு ஆகிற அளவுதான் பிசைய வேண்டும்.

இதெல்லாம் எழுதித் தரக் கூடியவை, எழுதியும் கொடுத்தேன். எழுத முடியாதது ஒன்று உண்டு. முறுக்கு வெந்துவிட்டதா என்பதை நான் கண்ணால் பார்ப்பதை விடக் காதால்தான் கேட்பேன். போட்டவுடன் எண்ணெய் சடசடவென்று இரையும், நுரை பொங்கி முறுக்கையே மூடிவிடும். மாவில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுகிற சத்தம் அது. ஈரம் குறையக் குறையச் சத்தமும் குறையும். இரைச்சல் அடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி நிற்கும்போது எடுத்தால், முறுக்கு பொன்னிறத்தில் மொறுமொறுவென்று இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து எடுக்கிறவர்கள் ஒன்று சீக்கிரம் எடுப்பார்கள், மறுநாள் நமத்துப்போகும். அல்லது பயந்து கருக விடுவார்கள். அதனால் முறுக்கு அடுப்பைப் பொறுத்தவரை ஒரு விதி வைத்தேன். ஒருவர் சுடும்போது மற்ற மூவரும் பேசக் கூடாது. கேட்க வேண்டும்.

கடலை மிட்டாய் எங்கள் பக்கத்துச் சொத்து. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1986 வரைக்கும் கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, தூத்துக்குடி தனியாகப் பிரிந்தபோது அதோடு போயிற்று. கரிசல் காட்டுக் கடலையும் நல்ல வெல்லமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கால் கிலோ வறுத்துத் தோல் புடைத்த கடலைக்கு 200 கிராம் வெல்லம். இங்கே கம்பிப் பாகு போதாது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் உடனே இறுகி, எடுத்துக் கிண்ணத்தில் போட்டால் "டங்" என்று சத்தம் கேட்க வேண்டும். இதற்கும் காதுதான்.

என் அண்ணன் மகள் சென்னையிலிருந்து வரும்போது பாகுக்கென்று ஒரு வெப்பமானி வாங்கி வந்தாள். எனக்கு முதலில் அதில் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனால் அது நல்ல பொருள். பாகு கொதிக்கும்போது அதிலுள்ள தண்ணீர் வற்ற வற்றச் சூடு ஏறிக்கொண்டே போகும், அதனால் சூட்டை அளந்தால் பதத்தை அளந்த மாதிரி. சீனிப் பாகு ஒரு கம்பிக்கு வருவது 105 டிகிரி செல்சியஸ் பக்கத்தில், தண்ணீரில் போட்டால் உடைகிற பதம் 145க்கு மேலே. வெல்லத்தில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் சீனிக்குச் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஆச்சியின் விரல் ஒரு பக்கம், வெப்பமானி இன்னொரு பக்கம் வைத்து மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். விரல் "இதுதான்" என்று சொன்ன நேரத்தில் ஊசி எங்கே நிற்கிறது என்று அவள் குறித்துக்கொண்டாள். தனியாகச் செய்கிற ஒரு பிள்ளைக்கு, பக்கத்தில் ஆச்சி இல்லாத வீட்டில், அது துணை.

முந்திரிக்கொத்தைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. அது என் மைனியின், அதாவது அண்ணன் மனைவியின், பலகாரம். மைனிக்கு ஊர் திசையன்விளைப் பக்கம், தேரி மணலும் பனையும் உள்ள சீமை. கல்யாணம் ஆகி வந்த முதல் தீபாவளிக்கு அவர் பிறந்த வீட்டிலிருந்து ஓலைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்து வந்தது. டவுணில் வளர்ந்த எனக்கு அதுவரை அந்த ருசி அவ்வளவு பழக்கமில்லை. பெட்டியைத் திறந்ததும் கருப்பட்டியும் வறுத்த பயறும் கலந்து ஒரு வாசம் வந்தது, இன்றைக்கும் அந்த வாசம்தான் எனக்குத் தீபாவளி.

பேரைக் கேட்டுவிட்டு வெளியூர்க்காரர்கள் முந்திரிப்பருப்பைத் தேடுவார்கள். அது இதில் கிடையாது. திராட்சையைக் கொடிமுந்திரி என்று சொல்கிற பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. மூன்று மூன்று உருண்டையாக ஒட்டிக்கொண்டு எண்ணெயிலிருந்து வெளியே வரும்போது பார்த்தால் திராட்சைக் கொத்து மாதிரிதான் இருக்கும், அதனால்தான் இந்தப் பேர் என்பது மைனியின் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அரைக் கிலோ பாசிப்பயறைச் சிவக்க வறுத்து, கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போக வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் நாலே நாளில் சிக்கு வாடை வந்துவிடும். ஒரு கை எள், ஏலம், சுக்கு. கருப்பட்டி 400 கிராம். கருப்பட்டியைத் தட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, துணியில் கண்டிப்பாக வடிகட்ட வேண்டும், மண்ணும் தூசியும் அடியில் கிடக்கும். வடிகட்டியதை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கம்பிப் பதத்தில் மாவில் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிக்க வேண்டும். அதை ஒரு ராத்திரி அப்படியே உலர விட்டு, மறுநாள் பச்சரிசி மாவுக் கரைசலில் மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து, மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போட வேண்டும். உலராத உருண்டை எண்ணெயில் பிரிந்துபோகும்.

கருப்பட்டி வாங்குவதற்கு மைனியோடு உடன்குடிக்குப் போனேன். பதநீர் இறக்குகிற காலம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி வாக்கில் முடிந்துவிடும். ஐப்பசியில் கடையில் இருப்பது அந்தக் காலத்தில் காய்ச்சிச் சேர்த்து வைத்ததுதான். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை, பெரிய தாச்சியில் மணிக்கணக்காகக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். அதனால்தான் அந்த அரைக்கோள வடிவம். சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் நிறைய வருகிறது. மைனி ஒன்றை உடைத்து, ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இனிப்பு முடியுற எடத்துல லேசா ஒரு உப்புக் கரிக்கணும், கேட்டியா? வெறும் இனிப்பா வழுக்கிட்டுப் போச்சுன்னா அது வேண்டாம்." மூன்றாவது கடையில்தான் அவருக்குத் திருப்தி.

ஒன்றை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருப்பட்டி போட்டதுதானே, சர்க்கரை வியாதிக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ருசிக்காகவும் மணத்துக்காகவும் நான் அதைக் கொண்டாடுகிறேன், மருந்தாக யாருக்கும் கொடுக்கமாட்டேன். வருகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் யார், கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டா என்று அழைக்கும்போதே கேட்டுவிட்டேன். ஒரு பையனுக்கு நிலக்கடலை ஆகாது என்று தெரியவந்தது. அதனால் கடலை மிட்டாய்க்கு இடத்தை வீட்டின் பின்பக்கத்துக்கு மாற்றி, கரண்டி, தட்டு எல்லாம் தனியாக வைத்தோம்.

கடலை எண்ணெயில் சுடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பையனுக்காக முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் நல்லெண்ணெய் வாங்கினேன். இதை முன்கூட்டியே கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மாட்டேன்.

இடம் மொட்டைமாடி வேண்டாம் என்று மைனி சொன்னார். ஐப்பசி மழையை நம்ப முடியாது, காற்றில் அடுப்பும் ஒரே சீராக எரியாது. வீட்டுத் தார்சாவிலேயே, அதாவது முன்கூடத்திலேயே, வைத்தோம். பின்பக்கத்துக் கடலை மிட்டாய் அடுப்பையும் சேர்த்து மூன்று அடுப்பு, அடுப்புக்கு நாலு பேர். எண்ணெய்ச் சட்டிகள் இரண்டும் சுவரோரம், நடக்கிற பாதையில் எதுவும் இல்லை. புடவை முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும், சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும், ஈரக் கையோடு யாரும் எண்ணெய்ப் பக்கம் வரக் கூடாது. செய்தித்தாளில் முறுக்கை வடிய விடுவது எங்கள் வீட்டிலும் வெகுநாள் பழக்கமாக இருந்தது. அச்சு மையிலுள்ள பொருள்கள் உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருப்பதால் இப்போது விட்டுவிட்டோம். மூங்கில் தட்டில் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன்.

எல்லாவற்றிலும் எனக்கு மனசுக்குப் பிடித்த ஏற்பாடு முந்திரிக்கொத்துதான். அதற்கு இரண்டு நாள் வேண்டும், கூட்டம் ஒரே நாள். சனிக்கிழமை சாயங்காலம் நானும் மைனியும் ஒரு பங்கு உருண்டை பிடித்து வைத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவர்களைப் புதிதாகப் பாகு காய்ச்சச் சொல்லி, ஒவ்வொருவர் விரலிலும் கம்பி பார்க்கச் சொல்லி, அவர்கள் கையாலேயே உருட்ட வைத்தோம். எண்ணெயில் போட்டது எங்கள் சனிக்கிழமை உருண்டையை. அவர்கள் பிடித்த உருண்டைகளை ஆளுக்கு இருபத்தொன்றாக டப்பாவில் போட்டு, ஒரு பொட்டலம் பச்சரிசி மாவும் மஞ்சள் தூளும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் அவரவர் வீட்டு அடுப்பில் சுட்டே ஆக வேண்டும்.

அந்தக் காலை எப்படிப் போனது என்று விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்பதரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்தோம். கடலை மிட்டாய் முதல் ஈட்டில் பாகுப் பதம் பத்தாமல் பல்லில் ஒட்டியது, இரண்டாவது ஈட்டில் சரியாக உடைந்தது. முதல் ஈடு தவறியது நல்லதாகப் போயிற்று, இரண்டு பாகையும் அடுத்தடுத்து வாயில் போட்டுப் பார்த்தவர்கள் இனி மறக்கமாட்டார்கள். டீச்சர் அக்கா முறுக்கு அடுப்பில் நாலு பேரையும் வகுப்பில் நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, "பேசாதீங்க, கேளுங்க" என்று சொன்னது தார்சா முழுக்கக் கேட்டது. வந்தவர்களில் இரண்டு பேர் ஆண்கள். அதில் ஒரு தம்பிதான் முந்திரிக்கொத்தை மூன்று மூன்றாகப் பிரியாமல் போடுவதில் எல்லோரையும் விடக் கை தேர்ந்தவராக இருந்தார். மாவில் முக்கிய மூன்றையும் விரலோடு விரலாகச் சேர்த்து எண்ணெயின் ஓரமாகச் சரிய விட்டால் ஒட்டிக்கொண்டே போகும், மேலிருந்து போட்டால் சிதறும் என்று அவரே கண்டுபிடித்து மற்றவர்களுக்குச் சொன்னார். மைனி அதைக் கேட்டு, "எங்க அம்மை இப்படித்தான் போடுவா" என்றார். அவர் குரல் கொஞ்சம் கம்மியது.

திங்கள்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டிலிருந்து முந்திரிக்கொத்துப் படம் வந்துவிட்டது. மூன்றில் உருண்டைகள் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. ருசிக்கு ஒன்றும் குறைவிருக்காது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, மாடி வீட்டில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை போன் பண்ணினாள். அவள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். மாவு தன் கையால் பிசைந்தது, நாழி என்னிடம் இரவல் வாங்கிப் போனது.

"பெரியம்மா, போனை அடுப்புப் பக்கத்துல வெச்சிருக்கேன். கேக்குதுங்களா?"

கேட்டது. நல்ல இரைச்சல். "இன்னும் இல்ல, பொறு" என்றேன். கைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு தார்சாவில் நின்றேன். மைனியும் பக்கத்தில் வந்து காதை வைத்தார். இரைச்சல் தணிந்து, தூறல் விடுகிற மாதிரி ஆகி, ஒன்றிரண்டு துளிச் சத்தமாக நின்றது. நான் சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் கரண்டி சட்டியில் தட்டுகிற ஓசை கேட்டது. எடுத்துவிட்டாள்.

"சரியா பெரியம்மா?"

"சரிதான்ட்டி. அடுத்த ஈட்டைப் போடு."

போனை வைத்ததும் மைனி கேட்டார், திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை போடலாமா, பன்னிரண்டு பேருக்கு எத்தனை பனங்குருத்தோலை வேண்டும் என்று. அண்ணனை விட்டுத் திசையன்விளையிலிருந்து கொண்டுவரச் சொல்ல வேண்டும்.